லவ் பேர்ட்ஸ் எப்போது தூங்கும்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் காம்ப்ளெக்ஸில் ஒரு டாக்டரம்மா டேப் பிடித்து முயல் கூண்டை அளந்துகொண்டிருந்தார்.

என் காம்ப்ளெக்ஸ் எது என்கிறீர்களா? ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஆறு ஷட்டர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இங்கே முதல் கம்பெனிக்கு அஸ்திவாரம் போட்டபோது ஜல்லி சுமந்தவன் – இன்றைக்கு அந்த ஆறு ஷட்டருக்கும் சொந்தக்காரன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு இது பழைய கதை. சொல்லிக்கொள்வதில் எனக்குத்தான் அலுப்பே வருவதில்லை!

நாலாவது ஷட்டர், என்னைப் ‘பெரிப்பா’ என்று கூப்பிடும் ஸ்டெல்லாவின் கடை. ஏழு வருஷம் ஒரு கம்பெனியின் ஒயரிங் லைனில் நின்ற பெண். கான்ட்ராக்ட் முடிந்தது என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். கையிலிருந்ததையெல்லாம் போட்டு இந்தக் கடையை ஆரம்பித்தாள். நாய்க்குட்டி, முயல், லவ் பேர்ட்ஸ். இப்போது அரசாங்கத்தில் பதிவு செய்தால்தான் கடை நடத்தலாமாம். அதற்குக் கால்நடை டாக்டர் வந்து பார்த்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால்? ஷட்டரை இறக்கவேண்டியதுதான்.

எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. சட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது போலீஸும் பட்டாவும். இவர் என்னென்னவோ கேட்கிறார். பறவை இறக்கையை விரிக்க இடம் இருக்கிறதா? முயல் காலை நீட்டிப் படுக்க முடிகிறதா? இரண்டு மாதம் ஆகாத நாய்க்குட்டியை விற்கிறீர்களா? கரண்ட் போனால் என்ன ஏற்பாடு?

இதையெல்லாம் யார் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்? ஏதோ ஒரு ஆபீஸில், ஃபேனுக்குக் கீழே, ஒரு ஆபீசர் முயலின் காலை நினைத்துக்கொண்டு பேனாவைக் கடித்திருப்பாரோ...

ஸ்டெல்லா எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நின்று, “நான்தாம்மா சொல்லிக் கொடுத்தேன்” என்றேன். டாக்டரம்மா சிரித்தார். லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

நாலைந்து பறவைகளுக்கு நெஞ்சில் இறகே இல்லை. தங்களைத் தாங்களே கொத்திப் பிடுங்கியிருந்தன.

“தீனி?”

“வேளாவேளைக்குப் போடறேன் மேடம். மருந்தும் குடுத்துப் பாத்துட்டேன். இன்னான்னே தெரில.”

“லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பீங்க?”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ஷட்டரைப் பார்த்தேன்.

“அணைக்கிறதே இல்ல மேடம். மூணு ஷிப்டு ஆளுங்களும் இங்கதான பஸ் ஏறுவாங்க, இறங்குவாங்க. கண்ணாடிக்குள்ள லைட் எரிஞ்சுகினு இருந்தாதான் பறவை தெரியும், கூட்டம் வரும்னு... பெரிப்பாதான் சொன்னாரு.”

“அப்ப இதுங்க எப்பத்தான் தூங்கும்?”

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? “தூக்கம் என்னம்மா தூக்கம்! நாற்பது வருஷமா நான் நாலு மணி நேரத்துக்கு மேல தூங்கினதில்ல. நல்லாத்தானே இருக்கேன்?”

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களைச் சோதிக்கச் சொல்லி என்னை அனுப்பல ஐயா. அனுப்பியிருந்தா உங்களையும் ஃபெயில் பண்ணியிருப்பேன்.”

கூண்டு சரி, தண்ணீர் சரி, குட்டிகள் சரி. இருட்டு மட்டும் இல்லை. இரண்டு வாரம் கழித்து வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். “சூப்பர்வைசர் பேச்ச நம்பி ஏழு வருஷம் லைன்ல நின்னு ஒரு தடவ வூட்டுக்குப் போனேன். இப்ப உங்க பேச்ச கேட்டு இன்னொரு தடவ போவணுமா பெரிப்பா?”



கூண்டின் மேல் கறுப்புத் துணி போட்டுப் பார்த்தோம். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டன. மூன்றாம் நாள் ஸ்டெல்லா மெதுவாக, “பின்னாடி உங்க ஆபீஸ் ரூம் கீதே...” என்று இழுத்தாள்.

என் ஆபீஸ்! பொன்னாடை போர்த்திக்கொண்ட போட்டோக்கள், சுழல் நாற்காலி, ஏசி. ஜன்னல் மட்டும் கிடையாது. மேஸ்திரி மறந்துவிட்டான். அதற்காக அவனைத் திட்டாத நாளில்லை. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு, ஹாரன் சத்தமும் எட்டாது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எவன் பேச்சால் அந்தப் பறவைகள் மொட்டையாயின? சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

லைனில் வேலை பார்த்த கையல்லவா? கூண்டுகளைச் சக்கரம் வைத்த டிராலியில் ஏற்றினாள் ஸ்டெல்லா. மாலை ஆறரைக்கு உள்ளே, காலை ஆறரைக்கு வெளியே. பறவைகளுக்கும் ஒரு ஷிப்ட்!

முதல் நாள் மாலை, இவை எப்படித்தான் தூங்குகின்றன பார்ப்போமே என்று என் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தேன். முதலில் கீச்சு கீச்சென்று ஒரே பேச்சு. பிறகு ஒவ்வொன்றாகக் குரல் அடங்கியது. ஒன்று தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டது. பக்கத்திலிருந்தது அதன் மேல் சாய்ந்தது. கதவைச் சாத்தினேன். அப்புறம்...

“பெரிப்பா! மணி ஆறரை.”

“என்னது, இப்பதானே உள்ளே வந்தோம்?”

“காலைல ஆறரை! ரெண்டு தபா எழுப்பினேன், அசையல. வூட்டுக்கு போன் போட்டா, ‘அந்த மனுசன் தூங்கிட்டாரா! எழுப்பிடாதே’ன்னு பெரிம்மா கெஞ்சறாங்க.”

நாற்பது வருஷத்தில் நான் எப்போது தூங்குகிறேன் என்று நோட்டுப் புத்தகத்தோடு யாரும் வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பெருமையாகப் பொய்தான் சொல்லியிருப்பேன்... தினமும் காலையில் வரும் கண் எரிச்சலைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா வந்தார். பறவைகளின் நெஞ்சில் மூன்று நாள் தாடி மாதிரி புது இறகு முளைத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாலை ஆறரைக்கு மேல் எனக்குப் போன் செய்யாதீர்கள் – ஆபீஸில் பறவைகள் தூங்குகின்றன, நானும்தான்.