தேவசகாயம் போட்ட காயில்

எலெக்ட்ரீஷியன் தேவசகாயம் காலமானார் என்று போன வாரம் கைபேசியில் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. அதை அனுப்பியவன் உயிரோடு இருப்பவர்களுக்கும் இரங்கல் அனுப்பக்கூடிய ஆள். ஐயம்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். "அப்பா காலைல போயிட்டாருண்ணா" என்றாள் மகள். அப்படியும் நேரில் போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். என் சுபாவம் அது. அந்தச் சுபாவத்தால் அவருக்கு நான் என்ன செய்தேன் என்பதை, அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. தொட்டியைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் புதுக் காயில் போட்டுக் கொடுத்தவர் அவர். ஒரு மாதம் போயிருக்கும். ஒரே சேலையின் உடலுக்கு வேண்டிய அரக்கு நூலைக் காலையிலும் கரைக்கு வேண்டியதை மாலையிலும் நனைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் இரண்டும் இரண்டு அரக்கு. மாலையில் தொட்டி சரியாகக் கொதிக்கவே இல்லை.

என் புத்தி நேராகக் காயிலுக்குப் போனது. கம்பியைக் கவ்விக் கரண்ட்டைக் காட்டும் மீட்டரைப் பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கி, மறுநாள் மாலை வைத்துப் பார்த்தேன். ஒன்பது ஆம்பியர். காயில் போட்ட அன்று பதினொன்றரை என்று அவரே காட்டியிருந்தார். நடுவில் ஒருநாள், நான் இல்லாதபோது, ஸ்க்ரூ முடுக்க வந்துபோயிருந்தார். அன்றைக்குத்தான் புதுசைக் கழற்றிக்கொண்டு ஏதோ பழசை மாட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

விடிந்ததும் தெருவில், தறியில் ஏற்ற வேண்டிய நீள நூலான பாவை நீட்டியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இரு பக்கமும் நின்று இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். பாவின் இந்த முனையில் ஒரு காயிலாக இருந்தது அந்த முனைக்குப் போவதற்குள் நான்கு காயிலாகிவிட்டது. மூன்று பட்டறைக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. தப்பு செய்யாதவன் கத்துவான் இல்லையா? அன்று மாலை பட்டறைக்கு வந்தவர், "எத்தினி ஓல்ட் இருந்துச்சி?" என்று மட்டும் கேட்டார். நான் வோல்ட்டைப் பார்க்கவே இல்லை.

"ஒத்த அளவ வச்சிக்கினு ஒருத்தன திருடன்னு சொல்லலாமாபா?"

தன் மீட்டரை வைத்தார். நூற்றெண்பது வோல்ட், ஒன்பது ஆம்பியர். சுவரில் சாக்பீஸால் எழுதி வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தார். காயிலின் தடை இருபது ஓம். இரண்டையும் பெருக்கினார். ஆயிரத்து அறுநூற்று இருபது வாட். மறுநாள் காலை மறுபடி வந்தார். இருநூற்று முப்பது வோல்ட், பதினொன்றரை ஆம்பியர். வகுத்தால் அதே இருபது. பெருக்கினால் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து.

"சூடு பெருக்கல்ல தெரியும், காயிலு வகுத்தல்ல தெரியும்" என்றார். "சாயங்காலம் தெரு முழுக்க மோட்டாரும் ஹீட்டரும் ஓடிக்கினு இருக்குது, ஓல்ட் எறங்கிடுது. காயிலு எங்கயும் போகல."

நான் அப்போதும் விடவில்லை. மீட்டரில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கும் என்று சொந்தமாக ஒன்று வாங்கி, நான்கு நாள் இரு வேளையும் அளந்தேன். வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. வகுத்தால் ஒவ்வொரு முறையும் இருபதை ஒட்டியே வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஐயம்பேட்டைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். "எங்கிட்ட சொல்லி இன்னாபா ஆவப்போவுது? எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு" என்றார். சொல்கிறேன் என்றேன். அவர் அதை மறுபடி கேட்கவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் என் பட்டறைக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போனார். நான் தீபாவளி போகட்டும், முகூர்த்த சீசன் போகட்டும் என்று தள்ளிப்போட்டு மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன். உண்மையில், பத்துப் பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

அடக்கத்தன்று எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "நல்ல வேலக்காரன்தான்பா, அந்தக் காயிலு விஷயம் ஒண்ணுதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தேவசகாயத்தின் மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவர் போன பிறகும் நான் சொன்ன பொய் போகாமல் நின்றது.

மறுநாள் காலை அதே தெருவில் பாவு நீட்டிய இடத்துக்குப் போனேன். அளவுகளோடு எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். இழையிலிருந்து யாரும் கையெடுக்கவில்லை. ஒருவர் மட்டும் கேட்டார்:

"இத்தினி நாளு இல்லாம இப்ப இன்னாத்துக்குபா சொல்ற? அவங்க ஊட்ல சொல்லச் சொன்னாங்களா?"

மற்றவர்களும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. தேவசகாயத்தை நான் அப்படித்தான் பார்த்திருந்தேன். அன்று அவர் மீட்டரை வைத்து அளந்து காட்டினார். நான் சொல்வது நிஜம் என்று எதை வைத்து அளந்து காட்டுவேன்?

அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு வேலை. பாவு நீட்டும் தெருக்கள் இங்கே நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் போய் நிற்கப் போகிறேன். நீங்கள் என்னைச் சந்தேகப்படுங்கள், பரவாயில்லை. தேவசகாயம் காயிலை மாற்றவில்லை.