ஒரு கை கழிவு

வாய்விட்டுத்தான் படிப்பார் கனிமொழி. அதுவும் நடந்துகொண்டே, கையில் தாள்களோடு, வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில். பிடிக்காத வரி வந்தால் குரல் ஏறும். ‘மேற்படி பங்குதாரர்கள் உரிய முறையில் கலந்தாலோசிக்கப்பட்டு’ என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கும்போது எதிர் வீட்டுக் காவியா எட்டிப் பார்ப்பாள்.

“என்னாங்க்கா, காலையிலேயே அண்ணங்கூட சண்டையா?”

“அந்த மனுசன் பாவம், தூங்குறாரு. இது மெட்ராஸ்காரங்களோட.”

கடல் காற்றே எட்டாத தர்மபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, கடலுணவுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பில் வேலை பார்க்கிறார் கனிமொழி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். இவருக்குச் சிரிப்பு வராது. மீனினம் அழியாமல் பார்த்துப் பிடித்த மீன் என்று பெட்டியில் ஒரு முத்திரை குத்துவதற்கான விதிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துவார்கள். இந்த முறை அணைக்கட்டு மீனையும் அதில் சேர்த்தார்கள். விதிகளைத் தமிழாக்கி, அணைக்கரையில் படித்துக் காட்டி, மீன் பிடிப்பவர்கள் சொன்னதை எழுதி அனுப்புவது கனிமொழியின் பொறுப்பு.

அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வரியை ஒருமுறைதான் படிப்பார். கேட்டவர் முகத்தைச் சுளித்தால், அங்கேயே அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். கைப்பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். சாதாரண நாளில் தோலை ஊதிவிட்டுச் சாப்பிடுவார். கோபம் வந்தால் தோலோடு போகும். முத்திரையை அவர் மனதார நம்புகிறவர். குஞ்சு மீனையும் வாரிவிடும் கண்ணி சிறுத்த வலையைக் கரையில் பார்த்துவிட்டால் சொந்த மாமனாக இருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவார்.

மகளுக்குக் காய்ச்சல் என்று அவர் விடுப்பில் இருந்த நேரம் பார்த்து, சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து முருகேஷ் என்ற அதிகாரி அணைக்கரைக்கே நேரில் வந்தார். அவரும் தமிழர்தான். தமிழில்தான் கேட்டார்.

“மீன்பிடியில கழிவு உண்டா?”

பரிசல்காரர் காளியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். “உண்டுங்க. தெனிக்கும் உண்டு. கழிவு போடாம ஒரு நாளும் வூட்டுக்குப் போவ மாட்டமுங்க.”

அந்தக் கரையில் கழிவு என்றால் குப்பை அல்ல. வலையைக் கரைக்கு இழுத்ததும், எடை போடுவதற்கு முன்பே, வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் பெண்களுக்கென்று ஆளுக்கு ஒரு கை மீனைக் கழித்து வைப்பார்கள். வலையில் அடிபட்டுச் செதில் உரிந்த ஜிலேபி மீன், அதோடு ஒரு நல்ல கெண்டை. கழித்து வைப்பதால் கழிவு. அந்தப் பெண்களுக்குக் கூலி வேறு கிடையாது. காளியப்பன் பெருமையாகச் சொன்னதை முருகேஷ் குப்பை என்று எழுதிக்கொண்டு காரில் ஏறினார்.

திருத்திய வரைவு வந்தது. ‘இந்நீர்த்தேக்கத்தில் அன்றாடம் மீன் வீணாகக் கழிக்கப்படுகிறது. பிடிக்கும் மீன் முழுவதும் எடைக்கு வர வேண்டும். கழிவு அறவே கூடாது.’ மீனை வாங்கும் கம்பெனிக்கு முத்திரை மேல் ஆசை. விதி முடிவாகும்வரைகூடப் பொறுக்காமல் கரைக்கே மின்தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வலையில் வந்ததெல்லாம் தராசில் ஏறி ஐஸ் பெட்டிக்குப் போனது. வலை பிரிக்கும் ரோசம்மாள் வெறும் குண்டாவோடு கனிமொழி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா கனி, நாங்க திங்கிறது உங்க ஆபீசுக்குக் குப்பையாத் தெரியுதா?”

கனிமொழிக்கு முகம் செத்துப்போயிற்று. பிறகு வந்தது பாருங்கள் கோபம்! போனைப் போட்டார். முருகேஷ் பதறவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

“புரியுது மேடம். வார்த்தைக் குழப்பம்தான். ஆனா கருத்துக் கேட்பு முடிஞ்சிடுச்சு. அடுத்த திருத்தத்துல பார்த்துக்கலாம்.”

“அடுத்த திருத்தம் எப்போங்க?”

“அஞ்சு வருசம் ஆகும்.”

“அது வரைக்கும் அவங்க வெறுங்கொழம்பு வெக்கணுமா? மீனைக் காப்பாத்த வந்தீங்க, சரி. அதைப் பிரிக்கிறவ வாயில ஏன் மண்ணள்ளிப் போடுறீங்க?”

“எமோஷனலா பேசாதீங்க மேடம். மக்கள் சம்மதிச்சாங்கன்னு உங்க அறிக்கை வந்தா முடிச்சிடலாம்.”

சம்மதமாம். கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டு, சொன்னதைத் திரித்து எழுதிவிட்டு, அதற்குச் சம்மதம் வேறு இவர் வாயால் வர வேண்டுமாம். கனிமொழி போனை வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. கணவர் எழுந்து வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். கனிமொழி ரோசம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அணைக்கு விட்டார் வண்டியை.

கரையில் அப்போதுதான் பரிசல்கள் ஒதுங்கியிருந்தன. காளியப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் தானே பிரித்துப்போட்ட மீன் கூடையைத் தராசுப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். பெண்கள் வலையில் கை வைக்காமல் தள்ளி நின்றார்கள். கம்பெனி ஆள் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினான்.

கனிமொழி செருப்பைக் கழற்றினார். நேராகப் போய்த் தராசின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“மேடம், என்ன பண்றீங்க? எடை போடணும். மீன் கெட்டுப்போவும்.”

“முழுசும் எடைக்கு வரணும்னுதானப்பா விதி? என்னையும் எழுதிக்க.” முருகேஷின் எண்ணை அழுத்தி, போனை ஒலிபெருக்கியில் போட்டுக் காளியப்பன் பக்கம் நீட்டினார். “அண்ணா, கழிவுன்னா என்னான்னு இவருக்கு வெவரமாச் சொல்லுங்க. சொல்லிட்டு இவங்களுக்குக் கழிவைப் போடுங்க. அதுக்கப்புறந்தான் நான் எந்திரிப்பேன்.”

காளியப்பன் போனைப் பார்த்தார், கம்பெனி ஆளைப் பார்த்தார். “இதாங்க கழிவு,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கூடைக்குள் கையை விட்டார்.

போனில் முருகேஷ் “ஹலோ, மேடம், ஹலோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனிமொழி புடவையை முழங்காலை மூட இழுத்துவிட்டு, தராசின் மேல் இன்னும் கொஞ்சம் சௌகரியமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.