பருப்பு கரைந்த தண்ணீர்

எங்கள் கழனியின் மேட்டில் ஓர் ஊற்று உண்டு. பாலாற்று மணலுக்கு அடியில் ஓடிவரும் தண்ணீர் அங்கே தலைகாட்டி, கால்வாய் வழியாகக் கீழ்க்கழனிகளுக்குப் பாயும். கோடைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கால்வாய் மணலை வாரிவிடுவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் சமையலுக்கும் அதே தண்ணீர்தான். துவரம்பருப்பைப் போட்டால் வெண்ணெயாகக் கரையும். இந்த நல்ல தண்ணீரை மோப்பம் பிடித்துத்தான் அந்தக் காலத்தில் தோல் தொழிற்சாலைகளும் ஆற்றோரமாக வந்து உட்கார்ந்தனவாம். தோல் கழுவிய உப்புத் தண்ணீரையும் இங்கேயே விட்டார்கள். ஊற்று கரித்தது, பிறகு வற்றியது. வீட்டுக்குக் கேன் தண்ணீர் வந்தது.

ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் ஊற்று மறுபடி கண் திறந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் மனை புரோக்கரை அழைத்து வந்தார். ஷூ கம்பெனிக்குப் போகிற அவருக்குக் கழனி ஒரு தலைவலி. எனக்கென்று இருந்ததோ அது ஒன்றுதான். ஒரு குடம் ஊற்றுத் தண்ணீர் பிடித்து வந்து பருப்பை வேகவைத்தேன். கிண்ணத்தைப் புரோக்கரின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"பாருங்கண்ணா, எப்டி கரஞ்சிருக்குன்னு. ஊத்து ஓடுற கழனிய எவனாவது விப்பானா? போய்ட்டு வாங்க."

"அது மழத்தண்ணி. எத்தினி நாளைக்கு வரும்?" என்றார் வீட்டுக்காரர். நான் காதில் வாங்கவில்லை. நெல் நட்டேன்.

அவர் சொன்னதுதான் நடந்தது. மழைத் தண்ணீர் வடிந்ததும், மண்ணுக்குள் ஊறிக் கிடந்த உப்பு கிளம்பி வந்தது. பருப்பு வேகாமல் கல்லாகக் கிடந்தது. பயிர் நுனியிலிருந்து கருகியது. வரப்பில் வெள்ளையாகப் பூத்த உப்பை எங்கள் மாடு நக்கிக்கொண்டு நின்றது. விரட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. யாரைத் திட்டுவது? தோல் வேலை நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

போன மாதம் நானே புரோக்கருக்கு போன் செய்தேன். வந்தவர் கழனியைப் பார்க்கவில்லை. நேராக ஊற்றுக்குப் போய், விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இன்னாம்மா இது? போர் போட்டாலும் இதே தண்ணிதான வரும். எவன் இங்க வூடு கட்டுவான்? அன்னிக்கே குடுத்திருந்தா வாங்கிட்டிருப்பாங்க."

கரிப்பு போகவில்லை என்று திரும்பத் திரும்பத் துப்பினார். வீட்டுக்கு அழைத்து வந்து, வாய் கொப்பளிக்க ஒரு சொம்பு கேன் தண்ணீர் கொடுத்தேன்.