குடிக்காத நடுவர்

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, "வாங்க மாமா, நம்ம ஊர்லயே பீர் காய்ச்சி ஊத்துறாங்களாம், பாத்துட்டு வரலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடற்கரைப் பக்கம் இருக்கும் புதுக்கடை ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனார். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே மேசையிலா என்று நீங்கள் புருவத்தைத் தூக்க வேண்டாம். பாண்டிச்சேரியில் அது மன்னிக்கக்கூடிய குற்றம்தான். ஒரு மரப்பலகையில் ஆறு குட்டிக் கிளாஸ்கள் வந்தன. கொண்டுவந்த பெண், இதில் காப்பி வாசனை வரும், இதில் ஆரஞ்சுத் தோல், இதில் வாழைப்பழம் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். நானும் பவ்யமாக முகர்ந்து பார்த்தேன். மூன்றாவதில் மட்டும் பழைய சோற்று நீர் லேசாகப் புளித்த வாசனை. உடனே சவரியின் ஞாபகம் வந்துவிட்டது.

சவரியும் நானும் ஒரே கம்பெனியில் குமாஸ்தாக்கள். அவன் சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களெல்லாம் பீர் என்போம். அவன் மட்டும் உதட்டைக் குவித்து 'பியேர்' என்பான். "மொதல்ல மூக்கால குடிடா, அப்புறம் வாயால குடிக்கலாம்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். நான் மோசமான மாணவன். எதைக் கொடுத்தாலும் "கசக்குது" என்பேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பாருக்குப் போவோம். மூங்கில் தட்டியும் ஈரத்தரையும், மின்விசிறி சுற்றும் சத்தமுமாக இருக்கும். அங்கே மூன்றாவது ஆளாக பாஷா வந்து சேருவான். முல்லா வீதியில் அத்தர் கடை வைத்திருந்தவன். ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டான். பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்திருப்பான். "குடிக்காத எடத்துல உனக்கு இன்னாடா வேல?" என்று கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் ஒழுங்கா வீட்டுக்குப் போறீங்களான்னு பாக்க வேணாமா?" என்பான்.

எங்கள் பந்தயத்துக்கு அவன்தான் நடுவர். பரிமாறும் கோவிந்தன் உள்ளேயே மூன்று வகை பீரை மூன்று கிளாஸில் ஊற்றிக் கொண்டுவருவார். எது எது என்று பாஷாவின் காதில் மட்டும் சொல்வார். குதிரைப் படம் போட்டது, சிவப்பு லேபிள், மஞ்சள் லேபிள் என்பவைதான் எங்களுக்குத் தெரிந்த பெயர்கள். சவரி ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, சரியாகச் சொல்லிவிடுவான். பாஷா வந்து உட்காரும்போதே, "இன்னைக்கு தாழம்பூ", "இன்னைக்கு மரிக்கொழுந்து" என்று அவன் பூசியிருக்கும் அத்தரையும் சொல்வான். மூக்கை வைத்துப் பிழைக்கும் பாஷாவே அசந்துபோவான்.

ஒரு ஐப்பசி மழையில், குருசுக்குப்பம் பக்கம் மொபெட்டிலிருந்து வழுக்கி விழுந்து சவரிக்குப் பின்மண்டையில் அடி. பத்து நாள் ஆஸ்பத்திரி. அவன் மனைவி ரோஸி கூடவே இருந்தாள். பிழைத்து வந்ததே பெரிய விஷயம் என்றார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எங்கள் சனிக்கிழமை தொடங்கியது. பந்தயத்தில் பழையபடி அவன்தான் ஜெயித்தான். பாஷாவுக்கு மட்டும் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. வேர்க்கடலையை எடுத்து, கிளாஸ்களுக்கு முன்னால் சும்மா வைத்துக்கொண்டிருப்பான். நான் அதை எடுத்துத் தின்பேன். அவன் என் கையில் பட்டென்று அடிப்பான். சில வாரம் சவரி தப்பாகச் சொன்னான். அடிபட்ட உடம்பு, போகப்போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் சவரியும் நானும் கோவா போனோம். கடையை விட்டு வர முடியாதென்று பாஷா நின்றுவிட்டான். நாங்கள் பார்த்தேயிராத பீர் வகைகள் அங்கே. சவரி குதிப்பான் என்று பார்த்தால், ஒவ்வொன்றுக்கும், "நீ சொல்லேன்டா மொதல்ல" என்கிறான். என் கருத்தை அவன் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

மறுநாள் மதியம் ஒரு ஓலைக் கொட்டகையில் இறால் வறுவல் வந்தது. தட்டு வரும்போதே நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சவரி ஆசையாக எடுத்து வாயில் போட்டான்.

"கெட்டுப்போச்சுடா! உனக்கு வாட வரல?"

அவன் மெல்வதை நிறுத்தினான். துப்பிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"விழுந்ததிலேர்ந்து எந்த வாசனையும் தெரியலடா. ரோஸிக்குக் கூட சொல்லல, அழுவா. இன்னும் அவ வெக்கிற கொழம்ப மோந்து பாத்து, நல்லாருக்குன்னுதான் சொல்லிகினு இருக்கேன்."

"அப்ப சனிக்கெழம சரியா சொல்றியே?"

"பாஷாடா. திரும்பி வந்த அன்னைக்கு, தாழம்பூவான்னு குத்துமதிப்பா கேட்டேன். ஆமான்னுட்டான். ஆனா மூஞ்சி மாறிடுச்சு. வேற ஏதோ பூசியிருந்திருக்கான். அதுக்கப்புறந்தான் கடலய வெக்க ஆரம்பிச்சான். குதிரைக்கு ஒண்ணு, செவப்புக்கு ரெண்டு, மஞ்சளுக்கு மூணு."

"நீ அவன்கிட்ட பேசினியா?"

"இல்ல. அவனும் பேசல."

எனக்கு இறால் நாற்றம் மறந்துபோனது. எத்தனை சனிக்கிழமை அவனுடைய விடைகளை நான் தின்று தீர்த்திருக்கிறேன்!

ஊர் திரும்பிய வாரம் பாருக்குப் போனோம். கோவிந்தன் கிளாஸ்களை வைத்தார். பாஷா கடலையை வைத்தான். நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடா, பல்லு வலியா?" என்றான் பாஷா. "ஆமாண்டா" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்தி, அதிலிருந்து தின்னச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். சவரி மூன்றையும் முகர்ந்து, வெகுநேரம் யோசிப்பதுபோல் யோசித்து, சரியாகச் சொன்னான். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினேன்.

இப்படியே பல வருடம் ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. அந்த பாரை இடித்துவிட்டு, வார இறுதியில் வருகிறவர்களுக்கான லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். கோவிந்தன் எங்கே போனார் என்று விசாரித்தும் தெரியவில்லை. சவரியும் ரோஸியும் மகனோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார்கள். பாஷா இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. அவன் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

அடக்கம் முடிந்து சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும் சவரிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவன்கிட்ட ஒரு மெர்சி, ஒரு நன்றி கூட சொல்லலடா" என்றான்.

"அவனுக்குத் தெரியும்டா."

"தெரியும். நான் சொல்லலியே."