எழும்புவதற்கு முன் இருபது

1994 ஒக்டோபர் 9ஆம் திகதி காலை ஏழு பத்துக்குப் பிலோமினா மிஸ்ஸியின் மருமகன் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார். “ஐயா, மாமி மோசம் போட்டா. விடியப்புறம் விறாந்தையிலை விழுந்தவ, அப்பிடியே உயிர் போட்டுது.” சாய்மனைக் கதிரையிலிருந்து சட்டென எழுந்தேன், கண் இருண்டு மறுபடி அதிலேயே விழுந்தேன். மிஸ்ஸி கண்டிருந்தால் ஏசியிருப்பார்.

குருநகரில் பிறந்து, முப்பத்தொரு ஆண்டுகள் ஆஸ்பத்திரிகளில் தாதியாகப் பணியாற்றி, இளைப்பாறியபின் பண்டத்தரிப்பில் எங்கள் அயலில் வாழ்ந்தவர் அவர். 1993 மார்ச் 2ஆம் திகதி எனக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பின. தலைச்சுற்று மட்டும் போகவில்லை. ஏப்ரல் 19ஆம் திகதி கிணற்றடியில் விழுந்தேன். மனைவி அவரை அழைத்து வந்தார்.

“பித்தம்தான் மிஸ்ஸி. தேசிக்காய்த் தண்ணி குடுத்துக்கொண்டு வாறன்.”

“தேசிக்காயை ஊறுகாய்க்கு வையுங்கோ அம்மா,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தலைச்சுத்து எண்டு எல்லாத்துக்கும் ஒரே முத்திரையைக் குத்தாதேங்கோ, போஸ்ற்மாஸ்ரர். வீடு சுத்துதோ, நடக்கேக்கை தள்ளாடுதோ, எழும்பேக்கை கண் இருட்டுதோ?”

முப்பத்தெட்டு ஆண்டுகள் தபாலதிபராக இருந்த எனக்கு விடை தெரியவில்லை. கோபத்தில் பதினொரு நாள், தலை சுற்றும்போதெல்லாம் எது என்று குறித்து வைத்தேன். ஒவ்வொரு முறையும் எழும்பும்போதே கண் இருண்டிருந்தது. அவர் என்னை இருத்தியும் நிற்கவைத்தும் பிறசர் பார்த்து, நின்றதும் அது இறங்குவதை எழுதி வைத்தியருக்கு அனுப்பினார். வைத்தியர் பிறசர்க் குளிசையைக் குறைத்தார். அதன்பின் மிஸ்ஸியின் சட்டம்: கட்டில் விளிம்பில் இருந்தபடி, பாதங்களை ஆட்டி, இருபது எண்ணியே எழும்ப வேண்டும்.

“தந்தி அடிக்கிற மாதிரி எண்ணாதேங்கோ,” என்பார்.

“நான் எழும்பிறதுக்குள்ளை பொழுதுபட்டிடும், மிஸ்ஸி.”

“படட்டும். கிணத்தடியிலை கிடக்கிறதிலும் பார்க்க நல்லது.”

என்னால் பொறுக்க முடியாதது இனிமேல்தான். இவ்வாண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி அவர் எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன்.

“என்ன மிஸ்ஸி?”

“ஒண்டுமில்லை, கொஞ்சம் களைப்பு.”

நோயாளி எவர் சொன்னாலும் அவர் ஏற்காத சொல் அது. நான் ஏற்றுக்கொண்டேன். வீடு சுற்றியதா, தள்ளாடியதா, கண் இருண்டதா என்று, அவரே எனக்குக் கற்பித்த கேள்வியை அவரிடம் நான் கேட்கவில்லை. தன் மகளிடமும் களைப்பென்றுதான் சொல்லியிருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம். என்மீது அதைவிடப் பெரிய கோபம்.

10ஆம் திகதி தேவாலயத்தில் அடக்கப் பூசை முடிந்து பெட்டியைத் தூக்க எல்லோரும் எழுந்து நின்றபோது, நான் வாங்கில் இருந்தபடியே பாதங்களை ஆட்டினேன். முன்னால் நின்ற ஒருவர் திரும்பி முறைத்தார். இருபதையும் முழுமையாக எண்ணி எழுந்தேன். அதற்குள் பெட்டி வாசலைக் கடந்துவிட்டது.

மிஸ்ஸி, நான் விழவில்லை. போய் வாருங்கள்.