தையல்காரர் மனைவியின் நூறு பங்கு

எங்கள் கடைத்தெருத் தையல்காரருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. வாய் தானாகவே "ஆகட்டும்" என்றுவிடும். அதனால்தான் வங்கிச் சண்டையில் வசமாக மாட்டிக்கொண்டார்.

அந்த வங்கியைத் தொடங்கியவர் ஒரு ஜவுளி வியாபாரி. முதல் வருடம் பங்கு வாங்க ஆள் கிடைக்காமல், வங்கிக் காவலாளி தலையில்கூட நூறு பங்கைக் கட்டிவிட்டார். காவலாளி அதைத் தன் மகளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். சைக்கிளை எதிர்பார்த்திருந்த மாப்பிள்ளை மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் நம் தையல்காரர்.

முப்பது வருடம் கழித்து வியாபாரி இறந்தார். தலைவர் நாற்காலிக்கு அவருடைய மகனும் மருமகனும் முட்டிக்கொண்டார்கள். இருவர் கையிலும் ஏறக்குறைய சம பங்கு. திடீரென்று சில்லறைப் பங்குதாரர்களுக்கு மவுசு வந்தது.

மகன் கடைக்கு வந்தார். "ஒரு கோட்டு தைக்கணும். அப்படியே பங்குதாரர் கூட்டத்துல உங்க ஓட்டு நமக்குத்தான்."

"ஆகட்டும் சார்."

மறுநாள் மருமகன் வந்தார். "மச்சானுக்குத் தைக்கிறதைவிட எனக்கு எடுப்பா இருக்கணும். ஓட்டையும் மறந்துடாதீங்க."

"ஆகட்டும் சார்."

சாப்பிடும்போது மனைவி கேட்டார்: "ரெண்டு பேருக்குமா வாக்கு குடுத்தீங்க?"

"கழுத்தளவு எடுக்கறப்ப மறுத்துப் பேச முடியுமா?"

"சரி, பங்கு யார் பேர்ல இருக்கு?"

தையல்காரர் எச்சில் கையோடு பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் பார்த்தார்; மனைவி பேரில்தான் இருந்தது.

கூட்டத்துக்கு மனைவிதான் போனார். மேடையில் எதிரிகள் இருவரும் ஒரே துணியில் ஒரே மாதிரி கோட்டில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். கூடப் போன தையல்காரர் கடைசி வரிசையில் ஒரு தடித்த ஆளின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார்.

மனைவி எழுந்தார். "கடைத்தெருக் கிளையில மூணு வருஷமா ஃபேன் ஓடல. போன வாரம் ஒரு அம்மா மயங்கி விழுந்தாங்க. உங்கள்ல யார் வந்தா அதைச் சரி பண்ணுவீங்க?"

"பரிசீலிக்கிறோம்," என்றார் மகன்.

"குழு அமைக்கிறோம்," என்றார் மருமகன்.

"அப்ப என் ஓட்டு ரெண்டு பேருக்கும் இல்ல," என்று உட்கார்ந்துவிட்டார்.

பங்குக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில் மகன் அறுபது ஓட்டில் தோற்றார். அந்த ஆத்திரத்தில் தன் பங்கு அத்தனையையும் ஒரு வெளியூர் கம்பெனிக்கு விற்றார். கம்பெனி மேலும் பங்குகளை வாங்கிக் குவித்து, வருடம் திரும்புவதற்குள் மருமகனையும் வீட்டுக்கு அனுப்பியது. வியாபாரி தொடங்கிய வங்கியில் அவர் குடும்பத்தார் ஒருவரும் மிஞ்சவில்லை. காவலாளி குடும்பத்தின் நூறு பங்கு மட்டும் அசையாமல் இருந்தது.

பத்திரிகையில் வந்ததோ ஃபேன் கேள்விதான். கம்பெனி அமர்த்திய புதிய தலைவர் பதவியேற்ற இரண்டாம் வாரமே எல்லாக் கிளைகளிலும் ஃபேன் சுழன்றது. அன்று முழுக்கத் தையல்காரர், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "நம்ம வீட்டுல கேட்டதுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருடக் கூட்டத்துக்கு முன்பு தலைவரே தையல்காரர் மனைவிக்குப் போன் செய்தார். "இந்தத் தடவை என்ன கேக்கப் போறீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டா நல்லாருக்கும்மா."

"அதுக்குத்தான சார் கூட்டம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.