கால் கழுவிய தண்ணீர்

தாழ்மை என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தாழ்மை பிடிக்காமல் இல்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர்களைத்தான் பிடிக்கவில்லை.

முடிச்சூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் சபை. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாமல் கிடக்கும் நோயாளிகளிடம் போய் உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசி, ஜெபிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பாரம். ஆண்டவர் என்னை அதற்குத்தான் அழைக்கிறார் என்று நம்பினேன். சபையிலிருந்து ஒரு குழு வாராவாரம் போய்வந்தது. என்னையும் சேர்த்துக்கொள்ளும்படி பாஸ்டரிடம் கேட்டேன்.

"அழைப்பு இருந்தா மட்டும் போதாது சிஸ்டர். ஆண்டவர் முதல்ல நம்மளைத் தாழ்த்தித்தான் ரெடி பண்ணுவார். கொஞ்ச நாள் சபையில சின்னச் சின்ன வேலை செய்யுங்க, பார்க்கலாம்" என்றார்.

சரியென்றுதான் ஆரம்பித்தேன். பாய் விரித்தேன், டீ கப் கழுவினேன், பாத்ரூம் கழுவினேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இதற்கிடையில் சபைச் செயலாளரின் மருமகன் துபாயிலிருந்து வந்தார். வந்த கையோடு ஆஸ்பத்திரிக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அவர் குடித்த கப்பைக்கூட நான்தான் கழுவினேன். பாஸ்டரிடம் கேட்டதற்கு, "அவர் படிச்சவர் சிஸ்டர், அவரைத் தேவன் வேற மாதிரி தயார் பண்றார்" என்று பதில் வந்தது.

நோயாளியின் கட்டிலருகே நிற்கத் தாழ்மை வேண்டும்தான். எந்த வாடை அடித்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒருத்தி கையில் விளக்குமாற்றைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, அதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்க இவர்கள் யார்?

பெரிய வியாழன் வந்தது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்று எங்கள் பாஸ்டர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவார். எல்லோரும் ஆண்கள், கமிட்டிக்காரர்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, புது சாக்ஸ் மாட்டிக்கொண்டு வருவார்கள். கழுவி முடித்த தண்ணீரில் ரசம் வைக்கலாம், அவ்வளவு சுத்தம். பாஸ்டர் கண்கலங்கத் துண்டால் துடைப்பார். செல்போனில் படம் எடுப்பார்கள். அப்புறம் அந்தப் பெரிய பேசினைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது நான்.

அன்றும் முடிந்ததும், "சிஸ்டர், இதை எடுத்துடுங்க" என்றார் பாஸ்டர்.

"ஆஸ்பத்திரிக்கு என்னை எப்போ அனுப்புவீங்க பாஸ்டர்?"

"பாத்தீங்களா, இந்த அவசரம்தான் பெருமை. நீங்க இன்னும் உடையணும் சிஸ்டர்."

"கால் கழுவினவர் ஆண்டவர். தண்ணியைக் கொட்ட வேற ஆளை வெச்சார்னு வேதத்துல எங்கயாவது இருக்கா பாஸ்டர்?"

செயலாளர் இருமினார். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

மறுநாள் பெரிய வெள்ளி, மூன்று மணி நேர மும்மணி ஆராதனைக்குப் போனால், பேசின் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மருமகன் அதைச் சுற்றிப் போய் மைக்கைச் சரிசெய்தார். நான் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சனிக்கிழமை காலை தாம்பரம் பஸ் பிடிக்கச் சபை வழியாகத்தான் போக வேண்டும். ஈஸ்டருக்கு மேடை அலங்கரிக்கப் பூக்காரர்கள் வந்துவிட்டார்கள் போல. பாஸ்டரே பேசினைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் தளும்பி வெள்ளைச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"சிஸ்டர், ஒரு கை பிடிங்க" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன் பாஸ்டர். நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.